சிவப்பு ஒட்டிய பாத்திரங்கள்

ஜூன் 3, திங்கள்

மைக்ரோவேவ் அடுப்பு வந்து இறங்கிவிட்டது. சமையல் மேடையில் மிக்ஸி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் கையை விட்டு வயரைத் தடவினார். "நெருப்பு எங்கேம்மா?" என்றார். நெருப்பே கிடையாது மாமா, அதுக்காகத்தானே வாங்கினது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. 'பெட்டி' என்று பேர் வைத்துவிட்டார்.

போன மாதம் மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் பரவியிருக்கிறது. இரண்டாவது தடவை தண்ணீர் வற்றி, பாத்திரம் கறுத்து, கைப்பிடி உருகி, எதிர்வீட்டு டீச்சர் கதவை இடித்த பிறகுதான் மாமா எழுந்து வந்தார். மாமாவுக்கு எழுபத்தெட்டு. மாமியார் போய் மூன்று வருஷம். நான் லாண்டரிக்குப் போய்விடுவேன், என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விடுவார். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை மாமாவும் நாலு சுவரும்.

இனிமேல் கிளம்பும்போது ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டப்போகிறேன். மதியச் சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கும். எடுத்துப் பெட்டியில் வைத்து ஒரு பித்தானை அழுத்தினால் முடிந்தது. நிம்மதி என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் நாளே மானம் போச்சு. எனக்குத்தான்.

சாயங்காலம் சூப்பைச் சூடு பண்ண, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணத்தை எடுத்தேன். ஓரத்தில் மெல்லிசாகத் தங்கக் கோடு போட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்காத ஆறு கிண்ணங்களில் ஒன்று. புதுப் பெட்டிக்கு ஒரு மரியாதை செய்யலாமே என்று இறக்கினேன். பித்தானை அழுத்தி ஐந்து வினாடி இருக்காது, உள்ளே படபடவென்று பொறி. கோட்டைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நீல மின்னல். நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. புக்கைப் படிக்காமல் பஸ்ஸை எடுத்தால் இப்படித்தான் என்றார். மாமாவும் சிரித்தார். நானும்தான். தங்கக் கோடும் உலோகம்தானாம், கையேட்டில் நாலாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. யார் படித்தது?

ஜூன் 9, ஞாயிறு

லீவு நாள் முழுக்கப் பாத்திரத்தோடு போனது.

ஸ்டீல் ஆகாது. அலுமினியம் ஆகாது. பார்சல் சாப்பாடு வருகிற வெள்ளித்தாள் டப்பா ஆகவே ஆகாது. தங்கக் கோடு போட்டது — சரி, அதைத் திரும்ப எழுதுவானேன். கண்ணாடியில் கனமானது, சூடு தாங்கும் என்று அடியில் எழுதியிருப்பது மட்டும். பிளாஸ்டிக்கில் அலை மாதிரி குறி போட்டிருந்தால்தான். ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷத்தில் வாய் கோணிக்கொண்டது. சந்தேகமான பாத்திரத்துக்குக் கையேட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது: காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் சேர்த்து ஒரு நிமிஷம் வைக்க வேண்டும். தண்ணீர் சுட்டுப் பாத்திரம் சுடாமல் இருந்தால் நல்லது. பாத்திரம் சுட்டால் வேண்டாம். நம்ம மெலமைன் தட்டு கையை வைக்க முடியாதபடி கொதித்தது. அதில்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டோம்.

எல்லாவற்றையும் பிரித்து நாடா ஒட்டினேன். லாண்டரியில் வரும் ஒவ்வொரு துணிக்கும் நான்தான் சீட்டுக் குத்துகிறேன். சிவப்புச் சீட்டு என்றால் மெஷினில் போடக்கூடாது, பட்டும் கம்பளியும் மாதிரி. பச்சை என்றால் தாராளமாகப் போடலாம். பதினோரு வருஷமாக அதே சிவப்பு, அதே பச்சை. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டீல், அலுமினியம், தங்கக் கோடு எல்லாவற்றுக்கும் சிவப்பு. கண்ணாடிக்கும் குறி போட்ட பிளாஸ்டிக்குக்கும் பச்சை.

மாமா நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒட்டி முடித்ததும், "சிவப்பு, பச்சை, புரியுதில்ல மாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கா சொல்ற? நாப்பது வருஷமா அந்த சிவப்பையும் பச்சையையும் பாத்துத்தானே குடும்பத்தை ஓட்டுனேன்" என்றார்.

கிழவருக்கு வாய் மட்டும் குறையவில்லை.

ஜூன் 13, வியாழன்

பெட்டிக்குள் கரும்புள்ளி. பக்கச் சுவரில் மிளகு அளவுக்கு. என்ன வைத்தீர்கள் மாமா என்றேன். ஸ்டீல் டம்ளராம். காபியோடு. பொறி வந்ததாம், அணைத்துவிட்டாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்டீல் டம்ளரில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேனே, கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் நிதானமாக, "சிவப்பு ஒட்டுனதைத்தாம்மா வெச்சேன்" என்றார்.

தெரிந்தே வைத்தாராம். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஜூன் 14, வெள்ளி

லாண்டரியிலிருந்து அகலமான சிவப்பு நாடா ஒரு சுருள் எடுத்து வந்தேன். டம்ளர், கிண்ணம், தட்டு ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். இனிமேல் குருடனுக்குக்கூடத் தெரியும்.

ஜூன் 18, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு இன்று மதியமே டியூட்டி முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மாமா சமையலறையில் தரையில் உட்கார்ந்து பெட்டியின் பிளக்கைப் பிரித்துப் போட்டிருந்தாராம். திருகாணிகள் ஒரு மூடியில், வயர்கள் தனித்தனியாக. என்னப்பா இது என்றதற்கு, பெட்டியில் பொறி வருது, எர்த்து சரியில்லை, பார்க்கிறேன் என்றாராம். கையில் அவருடைய பழைய டெஸ்டர், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற திருப்புளி.

காலையில் மறுபடி பொறி வந்திருக்கிறது. எதை வைத்தார் என்றால் தங்கக் கோட்டுக் கிண்ணத்தை. ஏன் என்று கேட்டேன். அதே பதில், அதே நிதானம். சிவப்புதானாம்.

மாமா வயரிங் வேலை பார்த்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயர் இழுத்தார். அதற்காக எழுபத்தெட்டு வயதில், வீட்டில் யாரும் இல்லாதபோது, கரண்ட் சாமானைப் பிரித்துப் போட்டு உட்காருவதா? நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் மனதிலும் ஒன்றேதான் ஓடியது.

ஜூன் 21, வெள்ளி

தலைமுடியில் இன்னும் புகை நாற்றம். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு டீச்சர் லாண்டரிக்குப் போன் பண்ணினார். பதற்றப்படாதே, உசிருக்கு ஒண்ணும் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் எவளுக்குப் பதறாது? ஆட்டோ பிடித்து ஓடினேன். தெருமுனையிலேயே நாற்றம்.

வெள்ளித்தாள் டப்பா. நேற்று வாங்கிய பார்சலில் மிச்சம் இருந்ததை மூடியோடு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். தெரியாமல் வைத்துவிடப் போகிறாரே என்று அதன் மேலும் சிவப்பு நாடா ஒட்டியிருந்தேன், கட்டை விரல் அகலத்துக்கு. அதைத்தான் தேடி எடுத்து வைத்திருக்கிறார். பொறி அட்டை மூடியில் பிடித்து எரிந்திருக்கிறது. கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் உள்ளேயே அணைந்திருக்கும். திறந்திருக்கிறார். பெட்டி போச்சு, பின்னால் இருந்த பிளக் பாயிண்டு உருகிப்போச்சு, சுவர் கூரை வரை கரி. மாமாவுக்கு வலது கை விரல் மூன்றில் கொப்புளம்.

மருந்து போட்டுக் கட்டிக் கூட்டி வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் என்னைப் பார்த்து, "நீ ஒட்டுன மாதிரிதாம்மா வெச்சேன்" என்றார்.

நான் கத்திவிட்டேன். என்னைக் கொல்றதுக்குன்னே இருக்கீங்களா, நான் என்ன செய்யட்டும், வேலையை விட்டுட்டு உங்க காலடியிலயே உக்காந்திருக்கட்டுமா. அவ்வளவும் சொன்னேன். சொல்லக்கூடாததுதான். இருபத்திரண்டு வருஷத்தில் மாமாவிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு பண்ணிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 23, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். கரி பிடித்த சுவரைப் பார்த்தார், அப்பா கையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லவில்லை. அவருக்கும் மூன்றாவது மாடி, இரண்டு அறை. குறை சொல்ல வாய் வரவில்லை.

முதியோர் இல்லம் என்று முதலில் சொன்னது யார்? நான்தான். இதில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? லாண்டரிக்குத் துணி போடும் நர்ஸ் அம்மா நல்ல இடம் ஒன்று சொன்னார் என்று பேச்சை எடுத்தது நான். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே நின்றபடி, "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

ஜூன் 26, புதன்

போய்ப் பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது. ஒரு அறைக்கு இரண்டு பேர். மணி அடித்தால் சாப்பாடு. ஜன்னலில் கம்பி, வெளியே ஒரு வேப்பமரம். மாமாவையும் அழைத்துப் போயிருந்தோம். கட்டிலைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை, சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் அம்மா எங்களைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். இந்த மாதிரி நிறையப் பேர் பார்த்திருக்கிறோம் என்கிற ஆட்டல்.

ஜூலை எட்டாம் தேதி இடம் காலியாகிறதாம்.

ஜூன் 28, வெள்ளி

இல்லத்தில் கொடுத்த பாரத்தை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அழகு என்று வீட்டில் எல்லாப் பாரமும் என்னிடம்தான் வரும். 'சேர்ப்பதற்கான காரணம்' என்று நாலு கோடு விட்டிருந்தார்கள். 'ஆபத்து என்று அடையாளம் வைத்ததையே தேடி எடுத்துப் பயன்படுத்துகிறார். எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை. வீட்டில் தனியாக விட முடியாது.' இப்படி எழுதினேன். என் வீட்டுக்காரர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? பஸ்ஸில் வரும்போது மாமாவின் அறையில் என் தையல் மெஷினைப் போட்டுப் பார்த்தேன், மனசுக்குள்தான். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமாக விழும். நன்றாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

அரை நாள் லீவு. சமையலறை லைனே செத்துப்போய் மிக்ஸியும் ஓடாமல் கிடக்கிறதே என்று எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தேன். முப்பது வயது இருக்கும். வாயில் எப்போதும் ஒரு திருகாணி. நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் முதலில் செத்துப்போன பெட்டியின் பிளக்கைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார். யாரு கட்டினது, நல்லாக் கட்டியிருக்காங்களே என்றார். நான் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அப்புறம் உருகின பாயிண்டைப் பெயர்த்தார். சுவருக்குள்ளிருந்து மூன்று வயர் வெளியே வந்தது. ஒன்று சிவப்பு. ஒன்று கறுப்பு. ஒன்று பச்சை.

அந்த மனிதர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியாது. இதுல எதுங்க ஆபத்து, சிவப்பா என்று. "சிவப்புலதாங்க கரண்ட் வரும். வேலை பண்றதே அதானே" என்றார். பச்சை? "அது எர்த்துங்க. அதுல எப்பவும் கரண்ட் வரக்கூடாது. பச்சையில கரண்ட் வந்துதுன்னா யாரோ தப்பா கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். தண்ணி வேணுமாக்கா என்று அவர் கேட்டது எங்கேயோ கேட்டது.

நாப்பது வருஷமா அந்த சிவப்பையும் பச்சையையும் பாத்துத்தானே.

சிவப்பு ஒட்டுனதைத்தாம்மா வெச்சேன்.

நீ ஒட்டுன மாதிரிதாம்மா வெச்சேன்.

ஐயோ. மூன்று தடவை சொன்னாரே. மூன்று தடவையும் அந்த மனுஷன் நேராகத்தானே சொன்னார். பாத்திரத்தையும் அப்படித்தானே நினைத்திருப்பார்? ஸ்டீல், அலுமினியம், இதுவரை வாழ்நாள் முழுக்க அடுப்பில் ஏற்றியதெல்லாம் சிவப்பு. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும், சூடு காட்டினால் உடைவதும் உருகுவதும் பச்சை. கரண்ட் பெட்டிக்குள் எதை வைக்கலாம் என்று மருமகள் அடையாளம் போட்டிருக்கிறாள். எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் அவருக்கு. நான் நாடாவை அகலமாக்க அகலமாக்க இன்னும் தெளிவு. முதல் நாள் நான் வைத்து வந்த பொறியையும் சேர்த்து, என் மேல் சந்தேகப்படவில்லை, எர்த்து மேல்தான் சந்தேகப்பட்டார்.

நான் ஒரு தடவையாவது வாயைத் திறந்து 'சிவப்பு வைக்காதீங்க' என்று சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. புரியுதில்ல என்று கேட்டேன். நாப்பது வருஷம் என்று சிரித்தார். அவ்வளவுதான்.

ஜூலை 3, புதன்

சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. காலையில் என் வீட்டுக்காரர் ஷூ மாட்டும்போது வாய் வரை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் போய்விட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது.

சொல்லித்தான் என்ன? பால் பொங்கினது நிஜம். கைப்பிடி உருகினது நிஜம். போன வாரம் மாமியார் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது நிஜம். மறதி இருக்கத்தான் செய்கிறது. இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு நாள் முழுக்கச் சீட்டுக் குத்தினேன். ஒவ்வொரு சிவப்புச் சீட்டும் விரலைச் சுட்டது.

அன்று தீப்பிடித்தபோது மெயின் சுவிட்சை அணைத்தது யார் என்று டீச்சரைக் கேட்டேன். நான் போறதுக்கு முன்னாடியே உங்க மாமனார் அணைச்சுட்டார், அதனாலதான் அதோட போச்சு என்றார். இதை யாருமே என்னிடம் சொல்லவில்லையே? நானும் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

வேலையிலிருந்து வந்தபோது மாமா தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கட்டுப்போட்ட கையால் சட்டையை மடிக்க வராமல் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார். மேலே டெஸ்டர். அங்கே இதை வைத்திருக்க விடுவார்களா என்று கேட்டார். தெரியவில்லை மாமா என்றேன். நான் சட்டைகளை எடுத்து மடித்துக் கொடுத்தேன். துணி மடிப்பதுதானே என் தொழில்.

மூன்றாவது சட்டையில் கேட்டார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறார், அவ்வளவுதான். தெரிந்தால் திருத்திக்கொள்ளலாமே என்கிற மாதிரி.

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், இதற்கு முன் அப்படி உட்கார்ந்ததே இல்லை. நீங்க ஒண்ணும் பண்ணல மாமா, தப்பு என்னுது என்றேன். லாண்டரியில் சிவப்பு என்றால் போடக்கூடாது என்று அர்த்தம், அதையே வீட்டில் ஒட்டினேன், உங்ககிட்ட சொல்லவே இல்லை என்றேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரிந்திருக்காது என்று நினைத்தேன். புரிந்திருக்கிறது. பையின் மேலிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "அப்ப எர்த்து சரியாத்தான் இருந்துதா?" என்றார்.

சரியாத்தான் இருந்தது மாமா. நீங்க கட்டினது நல்லா இருக்குன்னு அந்த எலக்ட்ரீஷியனே சொன்னார்.

"ம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 6, சனி

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், பாரத்தில் நான் எழுதினதையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. சிக்னல்ல சிவப்பு விழுந்தா நிக்கிறவன் நான், எனக்கும்தானே தோணல என்றார். பிறகு, "வாசிக்காமத்தானே கையெழுத்து போட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

நாத்தனார் போனில் கேட்டது நியாயமான கேள்வி. அது சரி, கேஸ் அடுப்புல நடந்ததுக்கு என்ன சொல்றீங்க? டாக்டரிடம் காட்டுவோம், அவர் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. இல்லத்துக்கு நானே போன் பண்ணி எட்டாம் தேதி வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பாரத்தைத் திருப்பிக் கேட்டேன். கிழித்துப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். இல்லை, எனக்கு வேண்டும் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

மறதி நோயின் ஆரம்பம் என்கிறார் டாக்டர். மெதுவாகக் கூடும். இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் மதியம் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். டீச்சரைக் கேட்டதற்கு, இதைப் போய்க் கேட்கணுமா என்று கடிந்துகொண்டார். நான் லாண்டரியில் சொல்லி வாரத்தில் இரண்டு நாள் மதியத்தோடு வந்துவிடப்போகிறேன்.

ஆக, நான் பாரத்தில் எழுதினது பொய்தான். ஆனாலும் முழுப் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரு தடவை அழுது தீர்த்திருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

வேறு பெட்டி வந்தது. மறுபடி எல்லாப் பாத்திரத்தையும் தரையில் பரப்பினேன். பழைய நாடாவை உரித்து எடுக்கவே ஒரு மணி நேரம். இந்தத் தடவை மாமாதான் சோதனை போட்டார். காலிப் பாத்திரம், பக்கத்தில் தண்ணீர் டம்ளர், ஒரு நிமிஷம். வெந்த தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருக்கும் விரலால் முதலில் தண்ணீரைத் தொட்டார், பிறகு பாத்திரத்தை. "இது தேறும்." "இது தேறாது." நான் அடுத்ததை நீட்டினேன். ஸ்டீலை மட்டும் சோதிக்கவே விடவில்லை. அதுக்கு எதுக்கும்மா, ஏற்கெனவே பாத்தாச்சே என்று விரலைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேறினதற்கெல்லாம் சிவப்பு. தேறாததற்குப் பச்சை. இனி இந்த வீட்டில் மாமா கணக்குதான். என் வீட்டுக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது, டீச்சருக்கும் சொல்லியாகிவிட்டது. வாயைத் திறந்து, ஒவ்வொருவரிடமும், எது எதற்கு என்று.

செப்டம்பர் 12, வியாழன்

வீட்டுப் பழக்கத்தில் லாண்டரியில் ஒரு பட்டுச் சட்டைக்குப் பச்சைச் சீட்டுக் குத்திவிட்டேன். மெஷினுக்குள் போய்க் குழந்தைச் சட்டையாகத் திரும்பி வந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். என்னை எந்த இல்லத்திலும் சேர்க்கச் சொல்லி யாரும் பாரம் எழுதவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மாமா முடி வெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய டிப்போ ஆள் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். இனி தனியாக வெளியே விட முடியாது.

அந்தப் பாரத்தை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். சில நாள் எடுத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் வேறொரு பாரம் நிரப்ப வேண்டி வரலாம். அன்று உண்மையை மட்டும்தான் எழுதுவேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் வீட்டில் நானும் மாமாவும்தான். காலையிலிருந்து அவர் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சமையலறையில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் ஏதோ யோசனையில் ஸ்டீல் கிண்ணத்தில் பருப்பை எடுத்துப் பெட்டிக் கதவைத் திறந்தேன்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார்.

திரும்பினேன். அம்மா என்று, வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுகிற குரல். வேலை செய்ய வந்த வீட்டில் பேசுவாரே, அந்தப் பணிவு.

"பச்சை ஒட்டினதை அதுல வைக்காதீங்க. பொறி வரும். சிவப்பு ஒட்டினது மட்டும்தான் வைக்கணும்."

கிண்ணத்தைப் பார்த்தேன். பச்சை நாடா. கையிலிருந்து அவரே வாங்கி மேடையில் வைத்தார். சிவப்பு நாடா ஒட்டிய கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். தழும்பேறிய அந்த மூன்று விரல்களும் அதன் ஓரத்தில் பதிந்திருந்தன. என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நான் வைக்க இருந்தது தப்பு என்று தெரிந்திருக்கிறது.

ரொம்ப நன்றிங்க என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வாசல் வரை போனார். அங்கிருந்து திரும்பி, மறந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டது போல, "வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் வாயைத் திறந்து சொல்லி வைங்கம்மா. அவங்களா புரிஞ்சுக்குவாங்கன்னு விட்டுடாதீங்க" என்றார்.

சொல்லிடறேன்ங்க என்றேன்.